கம்பெனி டீச்சரும் என் மணியும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடல் வரைக்கும் தேடினாலும் கம்பெனி டீச்சர் மாதிரி என்னைக் குழப்பிய இன்னொருத்தி கிடைக்கமாட்டாள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணி அடித்தவள் நான். நான் அடித்தால்தான் ஹெட்மாஸ்டரே சாப்பிடப் போவார். அப்பேர்ப்பட்ட என்னையே குழப்பினாள் என்றால் பாருங்கள்.

எம்.பி.ஏ. படித்தவள். சென்னையில் ஏசி போட்ட கம்பெனி கூப்பிட்டும் போகாமல், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்த வந்தாள். அதனால் பிள்ளைகள் வைத்த பேர் கம்பெனி டீச்சர்.

"இன்னாத்துக்கு டீச்சர் இங்க வந்துகீறே?" என்று கேட்டேன்.

"அதான் ஆயாம்மா எனக்கும் புரியல. புரிஞ்சதும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்."

விளம்பரம் பற்றிப் பாடம் என்று ஒருநாள் என் தென்னந்துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளைகள் அதைப் புகழ்ந்த புகழ்ச்சியில், அடுத்த வகுப்புக்காக வாசலில் காத்து நின்ற தமிழ் ஐயா அதை வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். இரண்டு நாள் நான் கையால் குப்பை பொறுக்கினேன்.

பிறகு என்னையே பிடித்துக்கொண்டாள். நான் எத்தனை மணிக்கு மணி அடிக்கிறேன் என்று தினமும் ஒரு நோட்டில் குறித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா, என்னை வேவு பாத்துகினு கீறியா?"

"இல்ல ஆயாம்மா. வேலை எப்படி நடக்குதுன்னு எழுதிவெச்சுப் பாக்கணும். நாங்க படிச்சது அப்படி."

"நீ எழுதாமலே முப்பது வருஷமா நல்லாத்தான் நடந்துகினு கீது!"

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரம்தான் மதுராந்தகத்திலிருந்து அவள் அப்பா கார் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். கம்பெனி மறுபடி கூப்பிட்டிருக்கிறதாம், திங்கட்கிழமை சேரவேண்டுமாம்.

"எம்பிஏ படிச்சிட்டு சாக்பீஸ் தூள் தின்னுகினு கீறே! உனக்குப் பாடம் நடத்த வருதுன்னு யாரு சொன்னா? ஒரே ஒருத்தரைக் காட்டு, இப்படியே திரும்பிப் போறேன்."

அவள் பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மரத்தைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் மணி அடிக்கிறவ" என்றேன். நோட்டுக் கோபம்.

அவள் முகம் சுருங்கிப்போனது. பையை எடுக்க உள்ளே போனாள். சாமான்களை அடுக்கும்போது அந்த நோட்டு கையில் பட்டிருக்கிறது. புரட்டிப் பார்த்தவள், பையை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா, இதைப் பாருங்க! கணக்கு பீரியட் மணி சரியான நேரம். இங்கிலீஷும் சரியான நேரம். என் பீரியட் முடியுற மணி மட்டும் தினமும் ஆறு நிமிஷம் லேட்! ஏன் ஆயாம்மா?"

என்னத்தைச் சொல்வேன்? அவள் ஜன்னலுக்குக் கீழே பெருக்குகிற சாக்கில் நின்று கேட்பேன். கேட்டுக்கொண்டே நின்றால் மணி எங்கே ஞாபகம் வரும்? அதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா?

"மணி துரு புடிச்சிகீது" என்றேன்.

அவள் அப்பா நோட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துரு புடிச்சா லேட்டாவாம்மா கேக்கும்?"

"கடல் காத்து அடிக்கிற ஊரு நைனா. அப்படித்தான் கேக்கும்."

மனுஷன் நோட்டை மகள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "கம்பெனிக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பொண்ணுக்கு வேலை கெடச்சிடுச்சின்னு சொல்லு."

கார் திரும்பிப் போனது.

ஏன் இந்த வேலைக்கு வந்தாள் என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஓய்வு பெற்று, பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில்தான் இருக்கிறேன். இப்போது அங்கே கரண்ட் மணி. எல்லாப் பீரியடுக்கும் டாணென்று அடிக்கிறது. அவள் பீரியடில் மட்டும் இன்னும் ஆறு நிமிஷம் பொறுத்தால் அதற்கு என்ன குறைந்துவிடும்?