கேக் அண்ணைக்கு ஒரு மெட்டு

டோர்ட்மண்ட் தமிழர்களில் கேக் அண்ணையின் கேக்கை வெட்டாமல் ஒரு வயதுகூட ஏறினவர் கிடையாது. பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், ஜெர்மன் குடியுரிமை கிடைத்த நாள், எல்லாவற்றுக்கும் அவர்தான். ஒருமுறை விவாகரத்துக்கும் ஒரு வீட்டில் கேக் கேட்டார்கள். அண்ணை முகம் சுளிக்காமல் இரண்டு சின்னக் கேக்காகச் செய்து, இரண்டு பெட்டியில் கொடுத்தார். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் வருடம் கேட்காமல் விட்டேன். இருபது வருடம் கழித்துக் கேட்க வெட்கமாக இருந்தது.

இந்த மனிதர் பாட்டுக்காரரானது சுவீடனில், ஒரு பைக்கற் ரவையால்.

அவருடைய மகள் சுவீடனின் வடக்கு மூலையில், கிருனா என்ற ஊரில் நேர்ஸாக இருக்கிறாள். பேரனின் முதலாவது பிறந்தநாளுக்கு அண்ணை போனார். சாமான்கள் இங்கிருந்தே கொண்டுபோங்கோ என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். "ஏன், சுவீடன்காரர் மண்ணையே தின்னுறாங்கள்?" என்றுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறினார்.

எங்கள் ரிச் கேக்குக்கு ரவை வேண்டும், அதைப் பொன்னிறமாக வறுக்கவும் வேண்டும். கிருனாவில் மா அடுக்கிய தட்டில் ரவை இல்லை. பக்கத்தில் ஒரு பைக்கற்றில் பொன்னிறமாக ஏதோ இருந்தது. அண்ணை பூரித்துப் போனார். "பாத்தியே பிள்ளை, இவங்கள் வறுத்தே விக்கிறாங்கள்!" இரண்டு கிலோ வாங்கி, முந்திரிப்பருப்பும் முட்டையும் அடித்துப் போட்டுக் கேக்கும் செய்தார்.

அது ரஸ்க் தூள். ரோல்ஸில் பிரட்டிப் பொரிக்கிற அதே ரஸ்க் தூள். முப்பது வருடம் ஜெர்மன் பேக்கரியில் பாண் போட்ட மனிதர் பாண் தூளைக் கண்டுபிடிக்கவில்லை!

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுக் கிழவி. அவர் சாமி இனத்தவர். கோயில் சாமி இல்லை. அந்தப் பனிநாட்டில் கலைமான் மேய்த்து வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். கேக்கில் ஒரு வாய் வைத்தார், பைக்கற்றைப் பார்த்தார், இந்தத் தூள் இதற்குத்தான் என்று இரண்டு உள்ளங்கையாலும் இறைச்சி உருண்டை உருட்டிக் காட்டிச் சிரித்தார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துப்போய், கஞ்சிச் சாமான்கள் இருந்த தட்டிலிருந்து ரவையை எடுத்துக் கொடுத்தார்.

போகிற வழியெல்லாம் கிழவி ஏதோ முனகிக்கொண்டு வந்தாராம். சொல் ஒன்றுமில்லை, லோ, லா, நா என்று ஒரு சுற்று. இது ஆரைப் பற்றின பாட்டு என்று அண்ணை மகளைக் கொண்டு கேட்பித்தார்.

"ஆரைப் பற்றினதும் இல்லையாம் அப்பா. இதுதான் அவவின்ரை தம்பியாம்."

"தம்பியின்ரை பாட்டோ?"

"இல்லையப்பா. தம்பியே இதுதானாம்."

அவர்கள் அதை யொய்க் என்பார்கள். ஒருவருடைய நடையும் குணமும் மெட்டாகிவிடும். அதைப் பாடினால் ஆள் அங்கே இருப்பதாகக் கணக்கு, உயிரோடு இல்லாவிட்டாலும்கூட. அண்ணை மூன்று கிழமை அந்தக் கிழவியின் குசினியில் உட்கார்ந்து கேட்டார். டோர்ட்மண்டுக்குத் திரும்பி வந்தவர் எங்களில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

கேக் வாங்கப் போனால் மெட்டும் கிடைத்தது. என் கணவர் எங்கேயும் பத்து நிமிடம் பிந்திப் போகிறவர். அவருடைய மெட்டு தொடங்கும், நின்றுவிடும், எல்லாரும் முடிந்ததென்று எழும்பும்போது மறுபடி வரும். என்னுடையது இரண்டு குறுக்கு வெட்டும் ஒரு நீட்டலும். அடுத்த அறையில் இருந்த கணவர், "என்ன, ஆரோடையோ சண்டைக்குப் போறாய்போல கிடக்கு" என்று எட்டிப் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை, பாடினது அண்ணை.

கோயில் தலைவருக்கும் ஒன்று செய்தார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. இதில என்ரை பதவி எங்கை வருது?"

"பதவி வராது அண்ணை. நீங்கள் மட்டும்தான் வருவியள்."

தலைவர் ஆறு மாதம் அவரிடம் கேக் வாங்கவில்லை. ஆனால் கண் டாக்டரின் வரவேற்பில் இருக்கும் அந்தச் சிடுமூஞ்சி அம்மா, தன் மெட்டைக் கேட்டுக் கண் கலங்கி, டாக்டரைப் பார்க்க அண்ணைக்கு ஐந்து மாதம் தள்ளிக் கொடுத்திருந்த டெர்மினை அடுத்த கிழமைக்கே மாற்றிவிட்டார். ஜெர்மனியில் இதைவிடப் பெரிய அற்புதம் நான் கண்டதில்லை.

மா அரிக்கும்போது மட்டும் அவர் வேறொன்றை மெதுவாகப் பாடுவார். இது ஆர் என்று ஒருநாள் கேட்டேன். "மனுசி" என்றார். அவர் மனைவி இறந்து பத்து வருடம்.

"உங்கடை எங்கை அண்ணை?"

அரிதட்டு நின்றது. "எங்களுக்கு நாங்களே செய்யக் கூடாது தங்கச்சி. ஆராவது தரோணும். நாப்பது பேருக்கு மேல குடுத்திட்டன். ஒருத்தருக்கும் இன்னும் யோசனை வரேல்லைப்போல." சிரித்துக்கொண்டே சொன்னார். "நான் மகளோட போயிடுவன். பிறகு டோர்ட்மண்டில என்னை எங்கை தேடுறது, சொல்லுங்கோ?"

அந்த நாள் சீக்கிரமே வந்தது. பென்சன் கிடைத்ததும் கிருனாவுக்குக் குடிபெயரப் போவதாக அறிவித்தார். அவருடைய மெட்டை நான் கொடுப்பதென்று முடிவெடுத்தேன். எனக்குச் சங்கீதம் சுத்தச் சூனியம். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடும்போது என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னவர்கள். இருந்தும் இரண்டு கிழமை, நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பழகினேன். கீழ்வீட்டு ஜெர்மன்காரர் மெஷின் பழுதென்று வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

பிரியாவிடைக்கு மண்டபம் நிறைந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். எட்டுப் பக்க வாழ்த்துமடல் வாசித்தார்கள். ஒவ்வொருவர் மேடை ஏறும்போதும் அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். பேச்சு முடிந்ததும் கொஞ்சம் தாழ்வார். அதைக் கவனித்தது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். முந்நூறு முகத்தைப் பார்த்ததும் "அண்ணையின் கேக்குக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எல்லாரிலும் பலமாகக் கைதட்டியவர் அவர்தான். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலுக்கு நடுவில் ஃபோனை எடுத்தேன். "அண்ணை, ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். அடியில் அவருடைய செருப்பு இழுபடுகிற மாதிரி ஒரு முனகல். நடுவில் மா மூக்கில் ஏறித் தும்மப்போய்த் தும்மாமல் விடுகிற ஒரு இடைவெளி. பிறகு, இன்னொரு துண்டு சாப்பிடுங்கோ என்று கெஞ்சுகிற ஒரு ஏற்றம். சுருதி எங்கெங்கோ போய் வந்தது. ஒரு மாதிரி முடித்தேன்.

 கோபித்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"ஓம்" என்றார் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "ஓம் தங்கச்சி, நான்தான்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதுக்கு முடிவெண்டு ஒண்டு இல்லை. பாடுங்கோ."

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. பிடிக்கட்டும் என்று பாடினேன்.