அந்தோணியாருக்கு வேர்த்த திருவிழா

எனக்கு ஊசி என்றால் பயம். இதை அன்றைக்கே வெட்கத்தை விட்டுச் சொல்லியிருந்தால் ராயபுரத்துப் பூனைகளுக்கு என்னைத் தெரிந்திருக்காது.

என் வலது தோளில் எலுமிச்சம்பழம் போல ஒரு கொழுப்புக் கட்டி. சட்டை உரசினாலே உயிர் போகும். டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். "ஆபத்தில்லாத கட்டிதான். நரம்பை அழுத்துது, அதான் வலி. மரத்துப்போக ஒரு ஊசி போட்டு எடுத்துடலாம்." ஊசி என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. (வீட்டுக்கு ஓடி வந்துதான் பார்த்தேன், காலில் வேறு யாருடைய செருப்போ.)

அந்த வாரம் எங்கள் கோயில் திருவிழா. அந்தோணியார் சப்பரத்தில் இடப்பக்க முன்கம்பு, அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்த இடம். அங்கே வலது தோளைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் போச்சு. என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டு அதற்காகவே காத்திருந்தான்.

மரத்துப்போக ஊசி எதற்கு, காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்? மீன் பெட்டியிலிருந்து அள்ளி, பையில் கட்டி, சட்டைக்குள் தோளில் வைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் தோள் இருக்கிற இடமே தெரியவில்லை. சப்பரத்தைத் தூக்கி, ஜெரால்டைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன்.

தெரு திரும்பும்போது பை வெடித்தது. கம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தோணியாருக்கு வேர்க்குது பாருங்க!" என்று ஒரு அம்மா அலறினார். கூட்டம் பாய்ந்து வந்து, ஏந்தி ஏந்தி நெற்றியில் பூசிக்கொண்டது. ஒரு பெரியவர் மட்டும் விரலை மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, கவுச்சி அடிக்குது?"

"அந்தோணியாரு மீனுக்கே பிரசங்கம் வச்சவரு, பெரியவரே, வேற எப்டி அடிக்கும்?"

அதற்குள் தெருப் பூனைகள் என் காலைச் சுற்றிக்கொண்டன. ஒன்று வேட்டியைப் பிடித்து ஏறியது. நான் நெளிய, சப்பரம் சாய, ஓடிவந்து தோள் கொடுத்த ஜெரால்டு என் சட்டைக்குள் கைவிட்டு ஒரு இறாலை வெளியே எடுத்தான்.

"இன்னா மாமா, உள்ள கடை வச்சினுகீறியா?"

ஐஸ் சுட்டுத் தோள் கொப்பளித்து, கட்டி வலியே தேவலாம் என்று ஆனது. மறுபடி அதே டாக்டரம்மா. புண் ஆறியதும் ஊசி போட்டுக் கட்டியை எடுத்தார். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. (நான் கத்தியது ஊசி படுவதற்கு முன்னால்.)

இப்போது வலி இல்லை, இடமும் இல்லை. முன்கம்பு ஜெரால்டிடம். எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், சப்பரத்துக்குப் பின்னால் குச்சியோடு பூனை விரட்ட வேண்டும். வருஷா வருஷம் ஸ்டெல்லா கூட்டத்திலிருந்து குரல் கொடுப்பாள்:

"இன்னாய்யா, ஒரு பூனயக்கூட காணோம்? இந்த வாட்டி கடை லீவா?"