எந்திரிக்காத ஜாக்கெட்

என் முட்டாள்தனங்கள் எல்லாம் அடுப்படியில்தான் பிறக்கின்றன. இதுவும் அங்கேதான் பிறந்தது. டீ போடப் போனேன். கையெல்லாம் ஈரம். பெட்டியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்தபோது விரலிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது. விழுந்த சொட்டு ஊறவில்லை. மருந்துக்குக் கீழே கொஞ்ச தூரம் முத்துப் போல உருண்டது. மெழுகு முடிகிற இடத்துக்கு வந்த பிறகுதான் மரத்துக்குள் இறங்கியது.

"அம்மா, மெழுகும்மா."

"டீ எங்கடி?" என்றாள் அம்மா.

(சாத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: குச்சியின் நுனியை முதலில் மெழுகில் முக்கி எடுத்துவிட்டு, அப்புறம்தான் மருந்தில் முக்குவார்கள்.)

மெழுகைப் பார்த்து நான் ஏன் அப்படித் துள்ளினேன் என்றால், அண்ணியின் ஜாக்கெட் அப்போது மொட்டை மாடிக் கொடியில் பாழாய்ப் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. மழையில் மலையேறுகிறவர்கள் போடுகிற நீல ஜாக்கெட். அண்ணனைக் கட்டிக்கொண்டு பெங்களூரில் இருக்கிற அண்ணிக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு மலையில் இருப்பார். போன முறை வந்தபோது சேறு படிந்த அந்த ஜாக்கெட்டை என் கையில் கொடுத்துச் சொன்னார்:

"இதைத் துவைச்சு, மறுபடியும் தண்ணி ஒட்டாத மாதிரி பண்ணி வை கண்ணு. மலையில சாமானைப் பாத்துக்கத் தெரியணும், அவ்வளவுதான். சரியாப் பண்ணிட்டீன்னா டிசம்பர்ல எங்கூட இமயமலைக்கு வர்றே."

கல்லூரியை முடித்துவிட்டுக் காலண்டர் அச்சகம் ஒன்றில் தேதித் தாள் சரிபார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இமயமலை.

அதற்கென்று ஒரு தனி சோப்பையும், மூன்று வரி எழுதிய ஒரு காகிதத்தையும் அண்ணி கொடுத்திருந்தார். நான் எதையும் முழுசாகப் படித்துவிட்டுத் தொடங்குகிற ஜாதி இல்லை. முதல் வரி: சோப்புத்தூள் போடாதே. படித்தேன், போடவில்லை. இரண்டாவது வரி: துணிக்கு வாசனையும் மென்மையும் தருகிற திரவத்தை ஊற்றவே ஊற்றாதே. இதைப் படிக்கும்போது மூடி என் கையில் இருந்தது, திரவம் வாளியில் இருந்தது.

ஜாக்கெட் ரோஜாப்பூ மாதிரி மணந்தது. தண்ணீர் தெளித்தால் சாக்கு மாதிரி உறிஞ்சியது. மூன்றாவது வரியில் இருந்த, தண்ணீர் ஒட்டாமல் செய்யும் மருந்தை ஆன்லைனில் தேடினால், அண்ணி அடுத்த முறை வந்துபோய் இரண்டு நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள். அந்தக் கவலையோடு டீ போடப் போன இடத்தில்தான் தீக்குச்சி எனக்கு வழிகாட்டியது.

எதிர்வீட்டு முத்துமாரி அக்கா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். மெழுகுக் கட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒரு சட்டைக்குப் பூசணும்க்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச புள்ளைக படிச்ச புள்ளைகதான்" என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மெழுகை உருக்கிப் பெயிண்ட் பிரஷால் பூசினேன். ஒரு பூச்சு போதும் என்று அறிவு சொன்னது. இமயமலை ஆயிற்றே என்று ஆசை சொன்னது. மூன்று பூச்சு. மாடியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் ஜாக்கெட்டை மாட்டி, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள் மேல் வைத்து, காற்றோட்டத்துக்காகத் தலைமூடிக்குள் ஒரு சொம்பையும் கவிழ்த்துவிட்டு வந்தேன். பகல் வெயிலில் மெழுகு இளகித் துணிக்குள் இறங்கியது. சாயங்காலம் இறுகியது. சொம்பை எடுத்தேன். தலை அப்படியே நின்றது. நாற்காலியை உருவினேன். முழு ஆளும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். சொட்டுக்கூட ஒட்டவில்லை. ஆனால் சொம்புத் தண்ணீர் பரீட்சை ஆகுமா? மழை வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தீபாவளிக்கு முந்தின சீசனில் எங்கள் வட்டாரத்தில் மழை வேண்டும் என்று வாயைத் திறந்து சொன்னால் அடிக்க வருவார்கள். அப்பா அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெயிலில் காய வேண்டிய சரக்கு காய்ந்தால்தான் ஆர்டர் போகும், ஆர்டர் போனால்தான் அத்தனை பேருக்கும் போனஸ். தினமும் காலையில் மாடிக்கு வந்து மேற்கே பார்ப்பார். நானும் பக்கத்தில் நின்று மேற்கே பார்ப்பேன்.

"லேசாக் கருக்குது" என்பார்.

"ஆமாப்பா" என்பேன். மேகம் ஒன்றுதான், வேண்டுதல்தான் வேறு வேறு. ராத்திரிக்கு அண்ணி வருகிறார் என்ற வெள்ளிக்கிழமை வரை என் வேண்டுதல் தோற்றுக்கொண்டே வந்தது. அன்று மதியம் ஜெயித்தது. கொட்டு கொட்டென்று கொட்டியது.

அப்பா அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா "மழ விடட்டும்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் ஜாக்கெட்டுக்குள் இருந்தேன். முழங்கை நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. ஆனால் ஸ்கூட்டி ஹாண்டிலுக்கு அளவெடுத்தது போல இருந்தது. மழையில் பாடிக்கொண்டே போனேன். பாதி வழியில் முதுகில் ஏதோ வழிவது போல இருந்தது. சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி வாசலில், மழைக்கு வேலையை நிறுத்திய பெண்கள் எல்லாரும் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதிக்கு நடுவே போய் இறங்கி, நான் சொன்ன முதல் வார்த்தை இது:

"அப்பா, சூப்பர் மழப்பா. ஒரு சொட்டு உள்ள போகல பாருங்க."

நாற்பது கண்கள் என்னைப் பார்த்தன. அவற்றில் அப்பாவின் கண்களை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சி கையைக் குறுக்கே நீட்டினார். "அங்கனயே நில்லு தாயி. இது என்ன துணி? நைலானா?"

பட்டாசுக் கம்பெனிக்குள் பருத்தித் துணி தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை என்பது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். தலையாட்டினேன்.

"மேல என்ன பளபளங்குது?"

"மெழுகு அண்ணாச்சி."

அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அப்ப நீ முழுத் தீக்குச்சியாவே வந்திருக்க" என்றார். "கழட்டி வெளிய வையி."

கழற்றினேன். உள்ளே நான் தலை முதல் இடுப்பு வரை தொப்பலாக நனைந்திருந்தேன். மழையை உள்ளே விடாத மெழுகு, என் வேர்வையையும் வெளியே விடவில்லை.

"ஏ புள்ள, ஒனக்கு மட்டும் சட்டைக்குள்ளயா மழ பெஞ்சுச்சு?" என்றது கொட்டகையிலிருந்து ஒரு குரல்.

கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் அண்ணாச்சியின் நாற்காலி நனைந்துகொண்டிருந்தது. ஜாக்கெட்டை அதில் வைத்தேன். பிறந்த இடத்தில் பொருந்துவது போல உட்கார்ந்துகொண்டது, நாற்காலியின் கை மேல் கை வைத்து, தலை நிமிர்ந்து.

தூக்கை அப்பாவிடம் கொடுத்த நேரத்தில் முதலாளியின் கார் வந்து நின்றது. ஹாரன். நாற்காலியில் இருந்தவன் அசையவில்லை. மறுபடியும் ஹாரன். முதலாளிக்கு ஒரு பக்கம் சரக்கு நனையும் கவலை, மறு பக்கம் இவன். கண்ணாடி இறங்கியது.

"யாருலே அவன்? கார் வந்து நிக்குது, எந்திரிக்காம ஒக்காந்திருக்கான்?"

அண்ணாச்சி கேட்டைத் திறக்க ஓடினார். அப்பா மழையில் நனைந்துகொண்டே காருக்கு ஓடினார். "அது ஆளு இல்ல மொதலாளி. எம் மகளோட சட்டை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அப்பாவுக்கு எவ்வளவு நேரமானது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

முதலாளி நாற்காலியைப் பார்த்தார். அதன் தோளிலிருந்து மழை முத்து முத்தாக உருண்டு விழுந்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா, நம்ம சரக்கு பூரா நனையுது, இவன் மட்டும் நனையாம இருக்கான். இவனையே வாட்ச்மேனாப் போட்டுருங்க."

கொட்டகையில் முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும். கடைசியாக அப்பா.

ராத்திரி அண்ணி வந்தார். கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜாக்கெட்டைச் சுற்றி வந்தார். முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. நடந்ததை எல்லாம், வாசனைத் திரவம் உட்பட, சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"எனக்கு வேற வாங்கிக்கிறேன் கண்ணு" என்றார். "நீ டிசம்பர்ல வா."

நிமிர்ந்தேன்.

"இதைப் போட்டுக்கிட்டு வா."

இப்போதெல்லாம் மேற்கே கருத்தால், கம்பெனிப் பெண்கள் அப்பாவிடம், "அண்ணாச்சி, ஒங்க மகள வேண்டுதல நிப்பாட்டச் சொல்லுங்க" என்கிறார்களாம். வீட்டில் யாராவது சொன்ன வேலைக்கு எழுந்திருக்காவிட்டால் அம்மா கேட்கிற கேள்வி: "என்ன, மெழுகு பூசியிருக்கா?"

டிசம்பருக்கு அதிக நாள் இல்லை. மெழுகை எடுக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஜாக்கெட் மேல் காகிதத்தை விரித்து லேசான சூட்டில் தேய்த்தால், இளகுகிற மெழுகைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளுமாம். எங்கள் அச்சகத்தில் கழித்துப்போட்ட தேதித் தாள் ஒரு கட்டு கொண்டுவந்திருக்கிறேன். அயர்ன் பாக்ஸ் சூடாகிக்கொண்டிருக்கிறது. சூட்டில் அச்சு மை துணியில் ஒட்டுமோ என்று ஒரு சின்ன சந்தேகம் மட்டும் இருக்கிறது.

முதுகுப் பக்கத்தில் ஒரே ஒரு தாளை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.