கப்பலேறியும் கை நனைக்காதவர்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஞாயிற்றுக்கிழமை. தரை இன்னும் லேசாக ஆடுகிறது.

பாசத்துக்கும் மரியாதைக்கும், இந்த வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய மச்சான் அன்பரசுக்கு, உன் அக்கா புருஷன் சுப்பராயலு எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா ரேகாவும் உன் அக்கா மகள் அறிவுமதியும் நலம். சிதம்பரத்தில் நீயும் உன் டிராவல்ஸ் கடையும் அதில் எந்நேரமும் குளிர் ஜாஸ்தியாக வைத்திருக்கும் அந்த ஏசி மெஷினும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்பாய். என் போனில் எது எழுதினாலும் ரேகா எனக்கு முன்னால் படித்துவிடுகிறாள். இதில் அவள் படிக்கக்கூடாதது இரண்டு மூன்று இருக்கிறது.

காரியம் பழமா காயா என்றுதான் முதலில் உன் கண் தேடும். சொல்ல மாட்டேன். நான் பட்ட பாட்டை நீயும் வரிசையாகப் பட்டுவிட்டு வா.

இந்த யோசனை உன்னுடையது என்பதை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் பஜ்ஜி வாசனை எதிர் வீட்டுக்குப் போவதற்குள் சேதி பண்ருட்டியைத் தாண்டிவிடும். பிடிக்காமல் போனால் பேச்சு பெண்ணுக்குத்தான். அறிவுமதி இதற்குமுன் வந்த வரன்களையெல்லாம் போட்டோவிலேயே திருப்பி அனுப்பியவள். ஒரு பையனை "காது சரியில்லப்பா" என்று தள்ளினாள். அப்படிப்பட்டவள் சிதம்பரம் தில்லைநாதன் மகன் எழிலனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நேர்ல பேசிப் பாக்கலாம்பா" என்றாள். அந்த 'நேர்ல' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நானும் ரேகாவும் ஒரு வாரம் சந்தோஷமாகத் தூங்கினோம். அப்போது நீ வந்து, "மாமா, ரெண்டு குடும்பமும் சென்னையிலேர்ந்து கப்பல்ல ரெண்டு நாள் போய்ட்டு வாங்க. புடிச்சா பேசி முடிங்க, புடிக்கலன்னா டூர் போனோம்னு சொல்லிக்குங்க, எவனுக்குத் தெரியப்போவுது" என்றாய். நல்ல மூளைதான். ஆனால் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே புக்கிங்காகப் போட்டு, அதை என் பேரில் போட்டாயே, அங்கேதான் வினை ஏறி உட்கார்ந்தது.

நீ இன்னொன்றும் சொன்னாய். ஒத்துக்கொள்கிறேன். "ஏறுற அன்னிக்கி ரூம் சாயங்காலம்தான் கெடைக்கும். சனம் பூரா மொட்டை மாடி பஃபேவுக்கு ஓடும். நீங்க ஓடாதீங்க. கீழ ஒக்காந்து சாப்புடற ஹாலு தொறந்திருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது, நேரா அங்க போங்க" என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். ஆனால் கடலூரில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் முதல் பந்தியைத் தவறவிடாத என்னைப் பார்த்துக் கூட்டம் இருக்கும், போகாதே என்று சொன்னால் அது எனக்குச் சவால் மாதிரி அல்லவா கேட்கும்? காலையில் இட்லியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு கிளம்பினேன். புதுச்சேரி தாண்டியதும் ரேகா முறுக்கை நீட்டினாள். தொடவில்லை.

துறைமுகத்தில் தில்லைநாதன் குடும்பம் எங்களுக்கு முன்பே வந்து நின்றது. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, பத்திரம் எழுதுகிறவர், குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட நான்கு எல்லை சொல்லித்தான் கேட்பார். அவர் சம்சாரம் ராசம்மாள் கையில் ஆறடுக்கு டிபன் கேரியர். புளிசாதம், வறுவல், வடகம். எதற்கென்று உனக்கே தெரியும். பேசி முடிக்கும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்த அம்மாள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். ஆனால் வெளிச்சாப்பாட்டை உள்ளே விட மாட்டோம் என்று செக்யூரிட்டியில் கேரியரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி, கப்பல் சோறு பொதுச் சோறுதானே, டிக்கெட்டோடு சேர்ந்தது, நம் பங்கை நாம் கொடுத்தாயிற்று என்று தில்லைநாதன் அந்த அம்மாளைச் சமாதானம் பண்ணி ஏற்றிக்கொண்டு வந்தார். மேலே வந்ததும் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். ஆறு அட்டையிலும் 'சுப்பராயலு குரூப்' என்று அச்சடித்திருந்தது.

ராசம்மாள் அட்டையை எட்டப் பிடித்துப் படித்தார். "இதுல ஏன் இவுரு பேரு போட்டிருக்கு?"

"புக்கிங் அவரு பேர்ல. அவ்ளோதான்" என்றார் தில்லைநாதன்.

"பத்திரம் யாரு பேர்ல இருக்குதோ சொத்து அவுங்களுதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

"நான்தான்."

"அப்போ சோறும் அவுங்களுது."

தொழிலே தில்லைநாதனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ராசம்மாள் ரேகாவிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாகவே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சாப்புடுங்க. நாங்க கடலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம்." இரண்டு நாள் கடலைப் பார்ப்பதாகச் சொல்கிறார், மச்சான். தில்லைநாதனுக்கோ சுகர். அவர் கடலைப் பார்க்காமல் பஃபே போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரேகா என்னைப் பார்த்த பார்வையில், இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் நீதான் காரணம், புக்கிங் போட்டது என் தம்பிதான், ஆனாலும் நீதான் காரணம் என்று எழுதியிருந்தது. அறிவுமதியும் எழிலனும் ஒரே சமயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு வேறு பக்கம் திரும்பினார்கள்.

முதலில் இடத்தைப் பிடிப்போம், சாப்பாட்டைக் கண்ணால் பார்த்தால் மனம் இளகும் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் மேலே ஓடினேன். அவர்கள் நீச்சல் குளத்துப் பக்கம் காற்று வாங்கிக்கொண்டு மெதுவாக வருவதாக ஏற்பாடு. பஃபேவில் கூட்டம் என்றால் நம் திருவிழாக் கூட்டம். நான் கல்யாண மண்டப முறைப்படி, முடிக்கப்போகிற ஒரு மேசையாகப் பார்த்து நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உட்கார்ந்திருந்த வடநாட்டுத் தம்பதி என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் சிரித்தேன். அந்த அம்மாள் தக்காளி சாஸ் வேண்டும் என்றார். எனக்கு ஏன் புத்தி அப்படிப் போயிற்றோ, கொண்டுவந்து கொடுத்தேன். அடுத்து தண்ணீர் கேட்டார். அதையும் கொடுத்தேன். கடைசியில் எழுந்து, எச்சில் தட்டை என் கையில் கொடுத்து, நன்றாகக் கவனித்தீர்கள் என்று இங்கிலீஷில் பாராட்டிவிட்டுப் போனார். தட்டை வைக்க இடம் தேடித் திரும்புவதற்குள் அந்த மேசையில் வேறொரு குடும்பம் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தது. ரேகா படிக்கக்கூடாதது என்று சொன்னதில் இது ஒன்று.

இடமில்லை என்று சொல்ல வாசலுக்கு வந்தால் அங்கே வேறொரு கச்சேரி. வாசலிலேயே வரிசையாகக் குழாய் வைத்து, கை கழுவினால்தான் உள்ளே விடுவார்களாம். மணிப்பூர்ப் பெண் ஒருத்தி 'வாஷி வாஷி' என்று பாட்டுப் பாடி ஒவ்வொருவரையும் கழுவ வைக்கிறாள். நம் ராசம்மாள் குழாய்க்கு முன்னால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார். ஒட்டி நின்ற தில்லைநாதன் எதையோ மென்றுகொண்டிருந்தார். என்ன சார் என்றேன். "மாத்தரை" என்றார் வாயைத் திறக்காமல்.

"மேடம், வாஷ் ஹேண்ட்ஸ் ப்ளீஸ்" என்கிறாள் அந்தப் பெண்.

"முடியாதும்மா. நாங்க இன்னும் கை நனைக்கல."

"அம்மா, அது வேற கை நனைக்கிறது" என்றான் எழிலன்.

"கை ஒன்னுதானடா இருக்கு."

பின்னால் வரிசை லிப்ட் வரைக்கும் போய்விட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். பெண்ணைப் பெற்றவன், சும்மா இருக்க முடியுமா? முன்னால் போய், "மேரேஜ் நாட் பிக்ஸ்டு. ஆப்டர் பிக்ஸ்டு ஒன்லி, ஹேண்ட் வெட்" என்று விளக்கினேன். அந்தப் பெண்ணுக்கு 'மேரேஜ்' மட்டும் காதில் விழுந்தது. முகமெல்லாம் மலர்ந்து, 'கங்ராஜுலேஷன்ஸ்' என்று சொல்லி, என் அட்டையை வாங்கிப் பார்த்து, இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் என்னவோ பேசினாள். கல்யாணம் யாருக்கு என்று எண்ணிக்கொண்டாளோ தெரியவில்லை. என் பேர்தான் அட்டையில் இருந்தது.

அப்போதுதான் உன் பேச்சு ஞாபகம் வந்தது. கீழே ஒரு ஹால் இருக்கிறது, அங்கே போவோம் என்றேன். தில்லைநாதனுக்கு 'ஹால்' என்றதும் பொறி தட்டியது. "மேசை போட்டுப் பரிமாறுவாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ஸ்பூன், போர்க்கு?" இருக்கும் என்றேன். அவர் சம்சாரத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஸ்பூன்ல சாப்புட்டா கை நனையாது. அது அனுபவ பாத்தியதைதான், கிரயம் ஆவாது." அதாவது அனுபவிக்கலாம், வாங்கியதாக ஆகாது.

ராசம்மாள் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அறிவுமதி மூச்சுவிடாமல் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். காது சரியில்லை என்று தள்ளுகிற பெண்ணா இது? "சரி. ஆனா ஒரு சொட்டு கையில படாது" என்றார் ராசம்மாள்.

ஹாலில் நீ சொன்ன மாதிரியே ஈ காக்கை இல்லை. வெள்ளைத் துணி விரித்த மேசை, கண்ணாடி ஜாடியில் தண்ணீர். உன்னை ஐந்து நிமிடம் மனதாரப் பாராட்டினேன். சாம்பார் சாதம், தயிர் சாதம், அப்பளம் எல்லாம் வந்தது. தில்லைநாதன் ஸ்பூனை எடுத்தவர் தலையைத் தூக்கவில்லை. ராசம்மாள் முள்கரண்டியை எடுத்தார். தயிர் சாதத்தைக் குத்தினார். அது வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி குத்தினார். மாதுளை முத்து ஒன்று பறந்து வந்து என் சட்டைப் பையில் விழுந்தது. அறிவுமதி வழக்கப்படி கையால் பிசைந்து, சாம்பார் சாதத்தின் மேல் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். ராசம்மாளின் கண் அந்த உருண்டையிலேயே இருந்தது.

"ஆன்ட்டி, ஸ்பூனால அள்ளுங்க. போர்க்கால குத்துனா அது ஓடும்" என்றாள் அறிவுமதி.

"ஓடட்டும். எங்க போயிடும், கப்பலுக்குள்ளதானே."

"எங்கம்மாதான் தயிர் சாதத்த வேட்டையாடுற மொத ஆளு" என்றான் எழிலன்.

அறிவுமதி சிரித்தாள் பார், மச்சான். நம் வீட்டில் டிவி பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில்லை. அவனும் சிரித்தான். ரேகா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். இப்படிச் சிரிக்கிற பெண்ணை ஒரு முள்கரண்டியை நம்பி விட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஏழெட்டுப் பணியாளர்கள் கையைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் கேக். அதன்மேல் 'ஹேப்பி மேரேஜ் சுப்பராயலு'. நேராக என்னிடம் வந்து என் கையைக் குலுக்கினார்கள். ரேகா அந்தக் கேக்கைப் படித்தாள். நான் பயந்து எழுந்தேன். என் முழங்கை ஜாடியில் பட்டு, ஜாடி சாய்ந்து, இருந்த தண்ணீர் மொத்தமும் ராசம்மாளின் இரண்டு கையிலும் கொட்டியது. மணிக்கட்டுவரை நனைந்துவிட்டது.

பாட்டு நின்றது. தில்லைநாதனின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. ராசம்மாள் சொட்டச் சொட்ட இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அறிவுமதியைப் பார்த்தார். முள்கரண்டியைத் துணியில் துடைத்து, தள்ளி வைத்தார்.

"நனைஞ்சிடுச்சி" என்றார். "அப்புறம் இன்னா. அந்த அப்பளத்த இப்படித் தள்ளு, மருமவளே."

கையை இறக்கிப் பிசைந்தார் பார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். தில்லைநாதன் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு, "கிரயம் ஆயிடுச்சு" என்றார். ஆக, பழம்தான், மச்சான். வருகிற ஆவணியில் நிச்சயத்துக்கு நாள் பார்த்துச் சொல். அந்த ஜாடியை நான் திட்டம் போட்டே தட்டினேன் என்று சிதம்பரத்தில் நாலு பேர் காதில் போட்டுவை. கை தவறிப் பட்டது என்று ரேகா சொல்வாள், நம்பாதே. ஒரு தகப்பனின் சமயோசிதம் என்று நீயாகவே இரண்டு வரி சேர்த்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. உன் வண்டிகள் பஞ்சராகாமல் ஓடட்டும், உன் புக்கிங்குகள் இனி அவரவர் பேரிலேயே அமையட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
சுப்பராயலு

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது எழிலன் ஒரு படம் அனுப்பியிருப்பதாக அறிவுமதி காட்டினாள். கப்பல் போட்டோக்காரன் பஃபே வாசல் கூட்டத்தைப் பின்னாலிருந்து எடுத்தது. அதில் ராசம்மாள் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் பாதி கடித்த சமோசா இருக்கிறது. மீதிப் பாதி தில்லைநாதனின் கன்னத்தில் 'மாத்தரை'யாக இருக்கிறது. நீச்சல் குளத்துக் கடையில் ரேகா பார்க்காத நேரத்தில் ஆளுக்கு இரண்டு ஏற்கெனவே ஆகியிருந்ததாம். என் பேர் போட்ட அட்டையைக் காட்டித்தான் வாங்கினார்களாம். அப்படியானால் கை அப்போதே நனைந்துவிட்டதே என்று ரேகா போனில் ராசம்மாளிடமே கேட்டுவிட்டாள். "சமோசாவுல எண்ணெய்தாங்க பட்டுது. எண்ணெயில கை எங்க நனையும்?" என்று பதில் வந்தது. என் சமயோசிதத்தைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு. நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பூன் வேண்டாம், சமோசா மட்டும் நிறையச் சொல்லிவை.