முறைப்படி பிடிக்கப்பட்ட முதலை

எங்கள் கடற்கரை ஊரான பாண்டனஸ் முனையில் ஜூலை விடுமுறைதான் வருடம் முழுவதற்கும் சோறு போடுகிறது. தெற்கே குளிரில் நடுங்குகிற மெல்போர்ன்காரர்கள் பவளப்பாறையும் மழைக்காடும் பார்க்க வந்து இறங்குவார்கள். நான் பாராமண்டி மீனும் சிப்ஸும் விற்கிறேன். பக்கத்தில் ஷெரில் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறாள். இந்த இரண்டு வாரம் படகு ஓடாவிட்டால் அவள் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

விடுமுறையின் முதல் நாள், ஒரு மெல்போர்ன் அம்மையார் ஓடை கடலில் சேருமிடத்தில் கிடந்த மரக்கட்டையைப் படம் பிடித்து, 'முதலை' என்று வனவிலங்குத் துறைக்கு அனுப்பினார். பத்தே நிமிடத்தில் அதிகாரி லாக்லன் மஞ்சள் நாடாவோடு வந்து கடற்கரையை மூடினார். அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

"தம்பி, அது கட்டை!" என்றாள் ஷெரில். "போன மழையில அடிச்சுட்டு வந்துச்சு. மேல காளான் முளைச்சிருக்கு, பாருங்க!"

"புகார்ல முதலைன்னு இருக்கு, மேடம். அது தானா நகர்ந்து போனா, அதுலேர்ந்து ஏழாம் நாள் திறந்துடுவோம்."

"கட்டை எப்படிங்க நகரும்?"

"அசையாத முதலைதான் ரொம்ப ஆபத்து. பதுங்கியிருக்கும்."

"கட்டைன்னு யாராச்சும் வந்து எழுதிக் குடுக்கட்டுமே!"

"அது தாவரப் பிரிவு வேலை. அவங்க அங்க எறங்க மாட்டாங்க. முதலை இருக்குல்ல?"

ஷெரிலுக்குக் கோபம் தலைக்கேறியது. நாடாவைத் தாண்டிப் போய் கட்டையின் மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தாள். ஊரே கைதட்டியது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தின் ஓய்வைக் கெடுத்ததாக அவளுக்கு மாலையிலேயே எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நான்காம் நாள் அவள் இறங்கிவந்தாள். "சரி, முதலைதான். ஒத்துக்கறேன். பிடிச்சுட்டுப் போய்த் தொலைங்க!" விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஆறு பேர் வந்தார்கள். ஈரத் துண்டால் கண்ணைக் கட்டினார்கள். வாய் எந்தப் பக்கம் என்று கருத்து வேறுபாடு எழுந்ததால் இரண்டு முனையையும் ஒட்டுநாடாவால் சுற்றினார்கள். முதலைப் பண்ணையில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு ரசீது வந்தது: 'ஆண். மூன்றரை மீட்டர். பரம சாது. உணவு மறுக்கிறது.'

கடற்கரை திறந்தது. படகுகள் அத்தனையும் தண்ணீரில். ஷெரில் விசிலடித்துக்கொண்டே துடுப்புகளைக் கழுவினாள். எனக்கும் சிப்ஸ் பொரித்து மாளவில்லை.

திறந்த மூன்றாம் நாள் லாக்லன் மறுபடி வந்தார். இம்முறை லாரியோடு.

"உங்க ஓடைக்குன்னு பதிவேட்டுல ஒரு முதலை இருந்துச்சு, மேடம். இப்ப இல்லை. பாதுகாக்கப்பட்ட இனமாச்சே, எண்ணிக்கை குறையக்கூடாது. அதான் வேற ஒண்ணு கொண்டாந்திருக்கோம்."

"ஐயோ, இங்க எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்லைங்க!"

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

லாரிக்குள் ஏதோ வாலால் அடித்தது. இது சாது இல்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. மேயர் வந்து நாடா வெட்டினார். கூண்டு திறந்தது. வழவழவென்று ஒன்று தண்ணீருக்குள் போய் மறைந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் கைதட்டினோம்.

ஷெரில் தன் படகுகளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... கடற்கரையை மூடணுமா, தம்பி?"

"எதுக்கு மேடம்? இது நாங்க விட்டது. பொதுமக்கள் யாராச்சும் பார்த்துப் புகார் குடுத்தாதான் மூடுவோம்." பேனாவைத் திறந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார். "இங்க யாராச்சும் பார்த்தீங்களா?"

விடுமுறை முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஷெரில் பார்க்கவில்லை. விடுதிக்காரர் பார்க்கவில்லை. மேயர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்க்கவில்லை.

கடல் அருமையாக இருக்கிறது, தாராளமாக வாருங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இந்த வருடம் ஏனோ விடுதி நீச்சல் குளத்தில்தான் குளிக்கிறார்கள்.