கப்ரா வகையறா

"மாமான்னு கூப்புடாத. சித்தப்பான்னு கூப்புடு" என்றார் சடையன்.

"சரிங்க மாமா" என்றாள் பூவிழி.

சடையன் தலையில் அடித்துக்கொண்டார். அவள் கொண்டுவந்த சாமை அரிசிப் பையை அவர் மனைவி பச்சையம்மாதான் எழுந்து வந்து வாங்கி வைத்தாள். வைத்துவிட்டு மறுபடியும் புளிக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் பேச்செல்லாம் சடையனுக்கு, புளியெல்லாம் பச்சையம்மாவுக்கு என்று எப்போதோ பாகம் பிரித்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். மலைக்கும் போளூருக்கும் ஜீப் ஓட்டுகிற பார்த்திபன், சடையனின் ஒரே மகன். பூவிழிக்கும் அவனுக்கும் போன சாமை அறுப்பிலிருந்தே மனசு ஒத்துப்போயிருந்தது. ஆனால் பூவிழியின் வீடு கரியன் வகையறா. சடையனும் தன்னைக் கரியன் வகையறா என்றுதான் சொல்லிக்கொண்டார். ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அதற்கு மேல் ஜவ்வாது மலையில் பேச்சே கிடையாது.

சடையன் அந்த ஊரில் பிறந்தவர் அல்ல. மலையின் அந்தப் பக்கத்து ஊர் ஏதோ ஒன்றிலிருந்து, புதிதாகக் கல்யாணமான பச்சையம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறியவர். இருந்தாலும் வகையறாக் கணக்கில் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் மாப்பிள்ளையின் வகையறாவைக் கேட்பார், அப்புறம்தான் இலையில் உட்காருவார். பூவிழி ஒருமுறை, "கரியன் வகையறால நீங்க எந்தக் கெளைங்க?" என்று கேட்டாள். மூத்த கிளை என்றார். தை மாதம் கேட்டபோது இளைய கிளை என்றார். வயசாகிவிட்டது, மறந்திருப்பார் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஊர்த் தலைவரான நாட்டார் பூபாலன் அவளுடைய வழக்கைக் கேட்டுவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கூடி முடித்துவிடலாம் என்றார். பங்காளி என்று முடிவானால் திங்களன்றே வேறு ஊரில் பெண் பார்க்கப் போவதாகச் சடையன் அங்கேயே அறிவித்தார்.  ஜீப்பின் ஹாரன் அளவுக்குக்கூடப் பார்த்திபனுக்கு வாய் கிடையாது.

பூவிழி சாமை மில்லில் கல் பொறுக்குகிறவள். முறத்தில் ஒரே ஒரு கல் மிச்சம் இருந்தாலும் அவள் எழுந்து போனதை யாரும் பார்த்ததில்லை. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய சித்தி மகன் கோகுல்ராஜ் வேலூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். ஒரு சொட்டு எச்சிலில் இருந்தே யார் யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கலாம் என எங்கோ கேட்டிருந்த பூவிழி, செல்போனில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான காவலூர் ரோட்டு வளைவுக்கு ஏறிப்போய் அவனைக் கூப்பிட்டாள். அவன் என்னவோ சொல்ல ஆரம்பித்தான். அவள் விடவில்லை. அவன் "அது வந்து" என்றபோதெல்லாம் அவள் "முடியுமா, முடியாதா" என்றாள். கடைசியில் அவன் முடியும் என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

காது குடையும் பஞ்சுக் குச்சி இரண்டு வாங்கினாள். ஒன்றைத் தன் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்தாள். இன்னொன்றுக்காகப் பார்த்திபனின் வாயைத் திறக்க வைத்தாள். அவன் அவளுக்காக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. குச்சிகள் தனித்தனி உறையில் அவன் ஜீப்பிலேயே போளூருக்குப் போய், அங்கிருந்து வேலூர் பஸ் ஏறின.

சில நாளில் பதில் படமாக வந்தது. கோகுல்ராஜ் அந்த எச்சிலிலிருந்து எடுத்த மரபணு எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் போட்டு, உலகத்தில் யாருடைய எழுத்தோடு அது ஒத்துப்போகிறது என்று தேடியிருந்தான். பத்தாவதோடு நின்றுவிட்ட பூவிழி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஒரு கட்டத்துக்குள் 0.0 என்று இருந்தது. கீழே பார்த்திபனுக்கும் 0.0.

வளைவிலிருந்து நாட்டார் வீடு வரைக்கும் இறக்கம். ஓடுவதற்கு வசதியாக இருந்தது.

"பூஜ்யங்க. எங்களுக்குள்ள ஒறவு பூஜ்யம்."

நாட்டார் போனைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பூஜ்யம் பூஜ்யம்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் சேதி தெரிந்து சடையன் வந்துவிட்டார்.

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல நூறுன்னு போட்டுக்கீதே, அது இன்னா?"

பூவிழி பார்த்தாள். இரண்டு வரியிலும் நூறு சதவீதம் என்று இருந்தது.

"பேரு இன்னா எழுதிக்கீதுன்னு படி."

"ஹோமோ சேப்பியன்ஸ்."

"இவனுக்கு?"

"அதேதாங்க."

"ஒரே வகையறா" என்றார் சடையன். "கரியன்னு அவனுக்கு எழுத வராது. அவன் பாசையில போட்டுக்கீறான்."

நாட்டார் யோசனையில் ஆழ்ந்தார். நூறுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் அவர் இதற்கு முன் தீர்ப்புச் சொன்னதில்லை. அனுப்பியவனையே கேட்போம் என்று பூவிழி அவரையும் வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் குடையோடு சடையனும் பின்னால் ஏறினார். நாட்டார் தம் காதாலேயே கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள். அது தப்பாகப் போயிற்று.

அந்தப் பூஜ்யம் உறவுக்குப் போட்ட மார்க் இல்லை என்றான் கோகுல்ராஜ். இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் அந்த எண். அது எவ்வளவு சிறிசோ, பொருத்தம் அவ்வளவு உறுதி. பூஜ்யம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

"அப்போ நூறும் உறுதி, பூஜ்யமும் உறுதி" என்றார் நாட்டார்.

சடையன் குடையை விரித்துக்கொண்டு நாட்டாரோடு நிம்மதியாக இறங்கினார்.

பூவிழி அங்கேயே உட்கார்ந்து கோகுல்ராஜிடம் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கினாள். படத்தில் இருந்தது அதன் முதல் வரி மட்டும்தான். கீழே வரி வரியாக ஆட்கள் இருந்தார்கள். ஜப்பான், ஆப்பிரிக்கா, ரஷ்யா என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாருமே ஹோமோ சேப்பியன்ஸ்தான். நூறு, இல்லாவிட்டால் தொண்ணூற்றொன்பது சொச்சம். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் நாட்டாரிடம் போனாள்.

"ஜப்பான்காரி ஒருத்தி எனக்கு நூறுங்க. அவளும் கரியன் வகையறாவா?"

நாட்டார் பதில் சொல்வதற்குள், அங்கேயே உட்கார்ந்திருந்த சடையன் சொன்னார். "இருந்துட்டுப் போவட்டும். பார்த்திபனுக்கு அவளும் வாணாம்."

மறுநாள் மில்லில் கரியன் வகையறாப் பெண்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள். தங்கள் பங்காளிகள் ஜப்பான் வரைக்கும் குடியேறியிருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது. ஒருத்தி, அங்கே திருவிழாவுக்கு வரி வசூலிக்க முடியுமா என்றுகூடக் கேட்டாள்.

பூவிழி மறுபடியும் வளைவுக்கு ஏறினாள். இந்தத் தடவை குறுக்கே பேசாமல் கேட்டாள். கோகுல்ராஜும் முதல் முறையாக விஷயம் முழுவதையும் சொன்னான்.

"எங்க லேபுக்கு ஓட்டல் கறி வரும் பூவிழி. ஆடா மாடான்னு பாத்து சொல்றதுதான் எங்க வேல. அதுக்குன்னு எடுக்குற சின்னத் துண்டு அது. மனுசன் எவனப் போட்டாலும் மனுசன்னுதான் வரும். பங்காளியா மச்சானான்னு அதுக்குத் தெரியாது."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க வுட்ட சொல்றதுக்கு?"

 பூவிழிக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. பங்காளியே இல்லை என்று ஊருக்கே தெரிந்த இரண்டு பேரைச் சோதித்தால் போதும். அவர்களுக்கும் இதே மாதிரி வந்துவிட்டால் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு இல்லை என்று ஆகிவிடும். வழக்கு பழைய இடத்துக்காவது போய்ச் சேரும்.

அப்படி யார் இருக்கிறார்கள் என்று நாட்டாரிடமே கேட்டாள். நாட்டார் யோசிக்கவே இல்லை.

"நம்ம சடையனும் பச்சையம்மாவுந்தான். அவுரு கரியன், அந்தம்மா பூசன் வகையறா. இந்த ஊர்ல மொற தப்பாத ஜோடின்னா அதான். அவுரே எத்தினி தடவ சொல்லிக்கீறாரு."

இருவரும் வீடு தேடி வந்து விஷயத்தைச் சொன்னதும் சடையனுக்கு முகம் சாமைக் கஞ்சி மாதிரி வெளுத்துப்போனது. தனக்குப் பல் வலி என்றார். வெற்றிலை போட்ட வாய் என்றார். எச்சிலைக் கொடுத்தால் ஆயுசு குறையும் என்றார். நாட்டார் வியப்போடு பார்த்தார். பச்சையம்மா மட்டும் புளிக்கூடையிலிருந்து நிமிர்ந்து ஆவென்று வாயைத் திறந்து காட்டினாள். பூவிழி பஞ்சைத் தேய்த்து எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு சடையனால் மறுக்க முடியவில்லை.

"பொம்பளைங்க முன்னாடி நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். அங்கே கட்டியிருந்த ஆடு ஒருமுறை கத்தியது. சடையன் உறையை நன்றாக ஒட்டி, தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நாட்டார் காவலூர் ரோட்டு வளைவிலேயே வைத்துவிட்டார். முடிவு வருகிற இடத்தில்தானே தீர்ப்பும் சொல்ல முடியும். ஆண்கள் சிறுபாலத்தின் சுவரில் உட்கார்ந்தார்கள். பெண்கள் எதிரே புல்லில் உட்கார்ந்தார்கள். பச்சையம்மா கை சும்மா இருக்காது என்று புளியை மடியில் கட்டிக்கொண்டே வந்திருந்தாள். பார்த்திபன் ஜீப்பில் சாய்ந்து நின்றான். அவனுக்கும் பூவிழிக்கும் நடுவே ஊரே உட்கார்ந்திருந்தது.

படம் வந்து சேர்ந்தது. பூவிழி உரக்கப் படித்தாள். பச்சையம்மா, ஹோமோ சேப்பியன்ஸ், நூறு. அவளுக்கு உள்ளே ஒரு தெம்பு வந்தது. அடுத்த வரிக்குப் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, படி" என்றார் நாட்டார்.

"கப்ரா ஹிர்கஸ். தொண்ணூத்தொம்பது."

சுவரில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் போனைப் பார்த்தார்கள். 

"கப்ரா வகையறாவா?" என்றார் நாட்டார். "நான் கேள்விப்பட்டதே இல்லியே." கல்வராயன் மலைப் பக்கம் அப்படி ஒன்று இருப்பதாகச் சுவரின் கோடியிலிருந்து ஒருவர் சொன்னார். இன்னொருவர் தம் அத்தையை அங்கேதான் கொடுத்திருக்கிறது என்றார்.

சடையன் முதலில் திகைத்தார். அப்புறம் அவருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. எழுந்து நின்று துண்டை உதறினார்.

"பாத்துக்கோங்க. புருசனும் பொண்டாட்டியும் வேற வேற. மொறையான ஜோடின்னா இப்டித்தான் வரும். அதுங்க ரெண்டும் ஒண்ணு. டெஸ்ட்டு சரியாத்தான் சொல்லுது."

தலைகள் ஆடின. பூவிழி கொண்டுவந்த சாட்சியே அவளுக்கு எதிராகத் திரும்பி உட்கார்ந்துவிட்டது. நாட்டார் தொண்டையைச் செருமினார். அது தீர்ப்புக்கு முன்னால் செருமுகிற செருமல். பார்த்திபன் தலையைக் குனிந்துகொண்டான்.

முறத்தில் இன்னும் ஒரு கல் இருந்தது. அது எது என்று அவளுக்குத் தெரியவில்லை, இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. நாட்டாரைப் பார்த்து ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு கோகுல்ராஜைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட இந்தத் தடவையும் பயமாகத்தான் இருந்தது. போட்டாள்.

"அண்ணா, கப்ரான்னா யாரு?"

"வெள்ளாடு" என்றான் கோகுல்ராஜ்.

சிறுபாலத்தின் சுவரே குலுங்கியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கல்வராயன் மலையில் அத்தையைக் கொடுத்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார். நாட்டார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இயந்திரம் எதையாவது மாற்றிச் சொல்லியிருக்குமா என்று கேட்டார். வாய்ப்பில்லை என்றான் கோகுல்ராஜ். ஆடா மாடா மனுசனா என்கிற ஒரே கேள்வியில் மட்டும் அதற்குத் தப்பே வராது. அந்தக் குச்சி மனிதன் வாயைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் ஆட்டு வாயைத்தான்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அடங்கியதும் எல்லாருடைய கண்ணும் சடையன் மேல் விழுந்தது. அவர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் எச்சிலுக்குப் பதிலாக ஆட்டின் எச்சிலைக் கொடுக்கும் அளவுக்கு ஒரு மனிதனுக்கு என்ன அச்சம் என்று நாட்டார் கேட்டார். 

பூவிழி கிட்டே போனாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"எதுக்குங்க மாமா இவ்ளோ பயம்?"

வழக்க தோஷத்தில் சடையனுக்கு வார்த்தை தானாகவே வந்துவிட்டது. "மாமான்னு கூப்புடாத. சித்தப்பான்னு..."

பச்சையம்மா மடியிலிருந்த புளியங்கொட்டைகளைப் புல்லில் உதறிவிட்டு எழுந்தாள்.

"அவ மாமான்னே கூப்புடட்டும் வுடுய்யா. இந்த ஊருக்கு ஓடியாந்தன்னிக்கு நீ வாய்க்கு வந்தாப்புல கரியன் வகையறான்னு சொல்லி வெச்சதுதான இம்மாம் வெனைக்கும் காரணம். நீயும் பூசன் வகையறா, நானும் பூசன் வகையறா. நாயமாப் பாத்தா நாந்தான் ஒன்ன அண்ணான்னு கூப்புட்டுருக்கணும்."