தூரத்துப் பிரச்சினைகள்

உலகத் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேச வேண்டிய வனஸ்ஸா, ஒத்திகையில் கீழ் லயத்து வீடுகளின் குழாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பைப்பைத் திறந்தா மொதல்ல காத்து வரும். அப்புறம் ஒரு சத்தம் வரும். அப்புறம் மண்ணு வரும். தண்ணி வர்றதுக்குள்ள எங்கம்மா கொழுந்து பறிக்கக் கெளம்பிடுவாங்க. ஆபீஸ்ல கேட்டா, 'பாக்கலாம், பாக்கலாம்'னு சொல்றாங்க. வந்து பாத்தாதானே பாக்க முடியும்?"

நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். குமுதா டீச்சரும் தட்டினார். மண்டபத்தின் கடைசியில் நின்றிருந்த தலைமையாசிரியர் திருமாறன் மட்டும் கையை உயர்த்தி, "போதும்" என்றார்.

இந்த வம்பை விலை கொடுத்து வாங்கி வந்தவரே அவர்தான். போன மாதம் குவாந்தானில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தார். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் உலகப் பிரச்சினைகளைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். கேமரன் மலையேறித் திரும்பி வந்ததும் காலைச் சபைகூடலில், "கேள்வி கேக்காத பிள்ளை, கொழுந்து விடாத தேயிலைச் செடி" என்று முழங்கினார். பிள்ளைகள் பேசவில்லை. குளிருக்கு வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். "பயப்படக் கூடாது, மனசுல பட்டதைச் சொல்லணும்" என்று தினமும் சொல்லி, கெஞ்சி, மிட்டாய் கொடுத்து, ஒரு வழியாக வாயைத் திறக்க வைத்தார். திறந்த வாயை எப்படி மூடுவது என்று குவாந்தானில் சொல்லித்தரவில்லை.

அதற்குள் பேச்சு விழாவுக்கு அழைப்பும் போய்விட்டது. தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மேனேஜர் எட்ரியன் துரைதான் சிறப்பு விருந்தினர். பள்ளிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். அதைத் திடலாகக் கேட்டு, வந்த துரைமாரிடமெல்லாம் திருமாறன் கையேந்தியிருக்கிறார். இப்போது பிள்ளைகள் பந்தை உதைத்தால் அது தேயிலைச் சரிவில் உருண்டு போய்விடும். விளையாட்டு நேரத்தில் பாதி, பந்து தேடுவதிலேயே கழியும். உலகத்தைப் பற்றிப் பிள்ளைகள் பேசுவார்கள், துரை மனம் குளிர்வார், அந்தச் சூட்டோடு திடலைக் கேட்டுவிடலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் குழாய் இல்லை.

"வனஸ்ஸா, உலகப் பிரச்சினைன்னா தூரத்துல இருக்கணும்மா."

"எவ்ளோ தூரம் ஐயா? தானா ராத்தா டவுன் வரைக்குமா?"

"அதுக்கும் மேல. கப்பல்ல போற தூரம்."

"எங்க வீட்டுல தண்ணி இல்லன்னா அது உலகம் இல்லையா ஐயா?"

"அது உலகம்தான். ஆனா பிரச்சினை இல்ல" என்றார் திருமாறன். சொன்ன பிறகு அவருக்கே அது சரியாகப் படவில்லை. தலைப்பை மாற்றினார். பனி உருகுவதால் வீடிழக்கும் பனிக்கரடி. கேமரன் மலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் பனிக்கரடி கிடையாது. எந்தத் துரைக்கும் அதனால் கோபம் வராது.

அடுத்து லிங்கேஸ்வரன் எழுந்தான். தலைப்பு, மண்சரிவு.

"மலையை வெட்டுனா மண்ணு சரியும். திரிங்காப் போற ரோட்டுல தங்கராஜு மாமா மலையை வெட்டி முட்டைக்கோஸ் போட்டாரு. மழை பேஞ்சதும் முட்டைக்கோஸ் ரோட்டுக்கு வந்துடுச்சு..."

தங்கராஜு பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். விழாவுக்குச் சாப்பாடு அவர் பொறுப்பு.

"உனக்கு உலக அமைதி" என்றார் திருமாறன் அவசரமாக. அமைதியில் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது?

மறுநாள் லிங்கேஸ்வரன் அமைதியோடு வந்தான். "போர் ஏன் வருது? ஒருத்தர் ராத்திரியோட ராத்திரியா வேலியைத் தள்ளிப் போட்டுக்கிறதாலதான் வருது. கோயில் நெலத்துல தங்கராஜு மாமா..."

வனஸ்ஸாவின் பனிக்கரடியும் வந்தது. "நான் ஒரு பனிக்கரடி. என்னைச் சுத்தித் தண்ணி இருக்கு. ஆனா பைப்புல இல்ல."

"டீச்சர், கரடிக்கு எதுக்குங்க பைப்பு?" என்றார் திருமாறன்.

குமுதா டீச்சர் அடக்கமாகச் சொன்னார்: "நீதான் கரடின்னு நெனச்சுப் பேசுன்னு சொன்னேன் சார். அவ நெனச்சுட்டா."

கடைசியாக வந்த தர்மாவுக்கு உலகச் சுகாதாரம். அவன் நேராகப் பள்ளிக் கழிப்பறைக்குப் போனான். "கதவுல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தன் உள்ள போனா இன்னொருத்தன் வெளிய நின்னு பாட்டுப் பாடணும். பாட்டு நின்னா ஆபத்து."

இதைத் துரையிடம் யாரும் சொல்லித் தொலைத்தால், திடல் கேட்பவனுக்குத் தாழ்ப்பாள் போட வக்கில்லையா என்று கேட்பாரே!

திருமாறன் அன்று மாலையே உட்கார்ந்து மூன்று உரைகளையும் தானே எழுதினார். 'உலகம் உருண்டையானது. அதில் பிரச்சினைகள் நிறைந்துள்ளன. அவற்றை நாம் களைவோமாக' என்ற தரத்தில் தூய தமிழில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னார். பலன் உடனே தெரிந்தது. பிள்ளைகள் மேடையேறி, "உலகம் உருண்டையானது" என்பார்கள். பிறகு உருண்டையைப் பார்ப்பதுபோல் விட்டத்தைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. திறந்த வாய் மறுபடி மூடிக்கொண்டது. ஆனால் வேண்டாத இடத்தில் மூடிக்கொண்டது.

வேறு வழியில்லை, விழாவைத் தள்ளிப் போடலாம் என்று தோட்ட ஆபீசுக்கு நடந்தார். அங்கே அல்போன்ஸ் கிராணி பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். லயத்து ஆட்களுக்கும் துரைக்கும் நடுவில் பேச்சை வாங்கிக் கொடுப்பது ஆபீஸ் எழுத்தரான அவர் வேலை.

திருமாறன் கதையைச் சொல்லி முடித்ததும் கிராணி சிரித்தார்.

"என்னா சார் நீங்க! இதுக்கா மொகம் இப்பிடிப் போச்சு? துரைக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது லா."

"நெசமாவா?"

"சரவாக்குல வளந்தவராம். வந்த நாளா இங்கிலீஷ், இல்லன்னா மலாய். ஒரு வணக்கம்கூட வாயில வரல. நம்ம கீழ் லயத்து மாரியம்மா வந்து பைப்பு, கூரைன்னு நின்னு கத்தும். துரை என் மொகத்தைப் பாப்பாரு. 'நீங்க நல்லா இருக்கணும்னு வாழ்த்துது துரை'ன்னு இங்கிலீஷ்ல சொல்லுவேன். அவரும் 'தேங்க் யூ'ம்பாரு. அதுவும் போயிடும். யாருக்கு நட்டம்?"

"மாரியம்மாவுக்கு?"

"அதுக்குத் தண்ணிதானே இல்ல சார். வாழ்த்துக்கு என்னா கொறச்சல்?"

திருமாறனுக்கு அது கேட்க நன்றாக இல்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மொழிபெயர்ப்பைத் தானே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

விழா நாளில் மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பெற்றோர்கள் கம்பளிச் சட்டையோடு பின்வரிசைகளில் இருந்தார்கள். முன்வரிசையில் எட்ரியன் துரை. சின்ன வயசுதான். அமைதியான முகம். அவர் காதோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திருமாறன்.

வனஸ்ஸா மேடையேறினாள். "உலகம் உருண்டையானது" என்றாள். விட்டத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மறந்து போச்சு துரை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லவா?" என்று கேட்டாள்.

"உலகை எண்ணி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள்" என்று திருமாறன் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்.

துரை தலையாட்டினார். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு குழாயைத் திறந்தாள். காற்று வந்தது, சத்தம் வந்தது, மண் வந்தது. பின்வரிசையில் மாரியம்மா, "அப்பிடிச் சொல்லுடி" என்றாள்.

"ஆப்பிரிக்காவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்கிறாள்" என்றார் திருமாறன்.

"ஆப்பிரிக்காவில் எந்தப் பக்கம்?" என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார்.

திருமாறன் இதை எதிர்பார்க்கவில்லை. "கீழ்ப் பக்கம்" என்றார்.

"அந்தப் பின்வரிசை அம்மா என்ன சொல்கிறார்?"

"ஆப்பிரிக்காவுக்காக வருந்துகிறார்."

துரை திரும்பி மாரியம்மாவை மரியாதையோடு பார்த்தார். பிறகு, "யார் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்" என்றார்.

திருமாறன் மேடையை நோக்கிச் சத்தமாகக் கேட்டார்: "வனஸ்ஸா, நீ பெரிய ஆளாகி என்ன வேலைக்குப் போகப் போறன்னு துரை கேக்கறாரு!"

"பைப்பு ரிப்பேர் பண்ற வேலைக்கு!"

மண்டபம் சிரித்தது. "ஐக்கிய நாடுகள் சபைதான் செய்ய வேண்டுமாம்" என்றார் திருமாறன்.

"பெரிய இடம்தான்" என்றார் துரை.

லிங்கேஸ்வரன் வந்தான். வேலியைத் தள்ளிப் போட்டான். கறி வாளியோடு வாசலில் நின்ற தங்கராஜு, வாளியை வைத்துவிட்டு வெளியே போனார். அது இரண்டு தூர தேசங்களின் எல்லைத் தகராறு என்று துரையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. தர்மா வந்து, கழிப்பறைக்கு வெளியே பாடுகிற பாட்டையே பாடிக் காட்டினான். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு இசையில் ஆர்வம் அதிகம் என்று அதுவும் போய்ச் சேர்ந்தது. அந்தக் குளிரிலும் திருமாறனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

துரை ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசினார். உலகத்தைப் பற்றித் தனக்குத் தெரியாத பலவற்றை இன்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். திருமாறன் அந்த இடத்திலேயே திடலைக் கேட்டார். "பார்க்கலாம்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டு, துரை காரில் ஏறிப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பெற்றோர்கள் திருமாறனைச் சூழ்ந்துகொண்டார்கள். மாரியம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எங்க கொறையை ஒன்னு விடாம துரை காதுலயே போட்டீங்களே! நாங்க ஆபீஸ்ல நின்னு கத்துறோம், ஒருத்தன் காதுல ஏறல. புள்ள சொல்லச் சொல்ல நீங்க குனிஞ்சு குனிஞ்சு சொன்னதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க நல்லா இருக்கணும்."

 கையை எப்படி விடுவித்துக்கொள்வது என்று திருமாறனுக்குத் தெரியவில்லை.

வனஸ்ஸா தட்டோடு வந்தாள். "ஐயா, துரை என்னா சொன்னாரு?"

"நல்லாப் பேசினேன்னாரு."

"பைப்பைப் பத்தி?"

"அதையும்தான்."

"அப்ப வந்து பாப்பாரா?"

குமுதா டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பில் பாதி அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். திருமாறன், "சாப்பிடும்மா, ஆறிடப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். இத்தனை வருட வேலையில் ஒரு பிள்ளையின் வாயை இவ்வளவு மரியாதையாக அவர் பொத்தியதில்லை. துரையைத் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். திடல் ஞாபகம் வந்தது. யோசனையை நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை, சபைகூடல் நடந்துகொண்டிருந்தபோது தோட்டத்து லோரி ஒன்று பள்ளி வாசலில் வந்து நின்றது. பின்னால் புத்தம் புதுக் குழாய்களும் தகரங்களும் அடுக்கியிருந்தன. முன் இருக்கையிலிருந்து அல்போன்ஸ் கிராணி இறங்கினார். முகத்தில் இரத்தமே இல்லை. பிள்ளைகளைத் தாண்டி நேராகத் திருமாறனிடம் வந்தார்.

"என்ன கிராணி, காலையிலேயே?"

கிராணி லோரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"துரை உங்களைத்தான் கேட்டு வரச் சொன்னாரு சார்... நல்லா சுத்தத் தமிழ்ல சொன்னாரு... நம்ம கீழ் லயத்துல எந்த வீட்டுலேர்ந்து ஆப்பிரிக்கா ஆரம்பிக்குதுன்னு."